கடல் நடுவே ஒரு குடித்தனம்



2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்ப்படகு புறப்பட்டது. 56 அடி நீளம். ஆட்கள் இரண்டே பேர். இருவரும் இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டெல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கு மேல்.

செய்தித்தாள்களில் நாம் பார்த்தது என்ன? கொடியசைத்து வழியனுப்பிய படம், தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிய செய்தி, திரும்பி வந்தபோது கொடுத்த வரவேற்பு. எட்டு மாதத்தில் இவையெல்லாம் சேர்ந்து ஒரு வாரம் இருக்குமா? மீதி நாட்களில் அந்த இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எப்போது தூங்கினார்கள், எதைச் சமைத்தார்கள், துணியை எதில் துவைத்தார்கள்? இன்று நான் பேச வந்தது அந்த மீதி நாட்களைப் பற்றித்தான்.

கடலோடிகளின் நாட்குறிப்புகளைப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகிறது. பெருங்கடலைக் கடப்பதில் வீரத்துக்கு உள்ள பங்கு கொஞ்சம், குடித்தனத்துக்கு உள்ள பங்கு பெரிது. இதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் நான் வந்த வேலை முடிந்தது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். நாற்பது அடிப் பாய்ப்படகு நல்ல காற்றில் சராசரியாக ஐந்து, ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சைக்கிள் இரவிலும் நிற்பதில்லை. அதனால் ஒரு நாளில் 120 முதல் 150 கடல் மைல் கடந்துவிடுகிறது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். அட்லாண்டிக்கைக் கடக்க விரும்பும் சிறு படகுகள் ஆண்டுதோறும் போகும் பாதை அது. சூறாவளிப் பருவம் ஓய்ந்த பிறகு, நவம்பர் கடைசியை ஒட்டிக் கிளம்புவார்கள். “வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு” என்பது அந்தப் பாதைக்குப் பழைய மாலுமிகள் சொல்லிவைத்த வழி. வெண்ணெய் உருகும் வெப்ப மண்டலத்தில்தான் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வாணிபக் காற்று கிடைக்கும். அதைப் பிடித்துவிட்டால் சுமார் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நிற்க இடம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் தரையைத் தொடாது. எல்லோரும் தூங்கிவிட்டாலும் படகு போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே படகு வாழ்க்கையின் முதல் சட்டம், யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பது. அதற்கான ஏற்பாட்டுக்குப் பெயர் வாட்ச். இரண்டு பேர் இருந்தால் மூன்று மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். மூன்று பேர் இருந்தால் மூன்று மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. முறை மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அடுத்தவரை எழுப்பிவிட வேண்டும். அவர் உடை மாட்டி, பாதுகாப்பு வாரைக் கட்டி, ஒரு வாய் தேநீர் குடித்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் பொறுப்பை வாங்குவார். இதற்காகவே இரவில் படகுக்குள் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வெள்ளை விளக்கை ஒரு முறை பார்த்துவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகிவிடும்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது பேச்சு சுருக்கமாக இருக்கும். போகும் திசை, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு, கண்ணில் பட்ட கப்பல், பேட்டரியின் நிலை, ஏதாவது புதுச் சத்தம் கேட்கிறதா என்பது. அவ்வளவுதான். அதன்பின் முன்னவர் போய்ப் படுத்துவிடுவார். படுத்தவரை அற்பக் காரணத்துக்கு எழுப்பக் கூடாது. அவசியமான காரணத்துக்கு எழுப்பத் தயங்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அறிந்தவரோடுதான் கடலில் காலம் தள்ள முடியும்.

தனியாகப் போகிறவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். சிறு படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடுவானம் ஏறத்தாழ மூன்று கடல் மைல்தான். பெரிய கப்பலின் உச்சி விளக்கு அதற்கும் அப்பாலிருந்து தெரியும். ஆனால் அந்தக் கப்பல் 20 நாட் வேகத்தில் எதிரே வந்தால், கண்ணில் பட்ட கால் மணி, இருபது நிமிடத்தில் உங்கள் மேலேயே இருக்கும். அதனால் தனிப்பயணிகள் பலர் அலாரம் வைத்து இருபது நிமிடத் துண்டுகளாகத் தூங்குகிறார்கள். எழுந்து, தலையை நீட்டி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, மறுபடி படுக்கை. இப்போது ஏ.ஐ.எஸ். என்ற கருவி வந்துவிட்டது. பெரிய கப்பல்கள் தம் இடத்தையும் திசையையும் தாமாகவே ஒலிபரப்பும், நம் கருவி எச்சரிக்கை மணி அடிக்கும். ஆனால் எல்லா மீன்பிடிப் படகிலும் அந்தக் கருவி இருப்பதில்லை. மிதக்கும் மரக்கட்டை தன் இடத்தைச் சொல்லாது. கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சுக்கானை எப்போதும் கையில் பிடித்தபடி யாரும் நிற்பதில்லை. காற்றின் திசையை வைத்தே படகைத் திருப்பும் காற்றுத் தகடு ஒன்று பின்புறத்தில் இருக்கும். அல்லது மின்சாரத்தில் இயங்கும் ஆட்டோபைலட் இருக்கும். இவை இரண்டும் இல்லாத காலத்தில் முதன்முதலில் தனியாக உலகைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898இல் திரும்பினார். அவருடைய ‘ஸ்ப்ரே’ படகின் பாய்களைச் சரியாக வைத்துச் சுக்கானைக் கட்டிவிட்டால், அது தானாகவே நேராகப் போகும். ஆஸ்திரேலியாவின் தேர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் கோகோஸ் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அதில் தான் சுக்கான் பிடித்தது மொத்தமே சுமார் மூன்று மணி நேரம் என்று எழுதுகிறார். மீதி நேரத்தில் படித்தார், சமைத்தார், தைத்தார். படகை இணங்க வைத்த பிறகு மனிதனுக்கு வீட்டு வேலைதான் மிச்சம்.

விடிந்ததும் தொடங்கும் முதல் வேலை, படகைச் சுற்றி வருவது. அணியத்திலிருந்து பின்புறம் வரை வாரை மாட்டிக்கொண்டு ஒரு நடை. இரவில் தளத்தில் வந்து விழுந்த பறவைக்கோலா மீன்களைப் பொறுக்குவதும் இதில் சேர்த்தி. சில நாள் காலைச் சாப்பாடே அதுதான். ஆனால் கண் தேடுவது வேறு. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடத்தில் ஓர் இழை விட்டிருக்கிறதா, பாயின் தையல் பிரிந்திருக்கிறதா, தளத்தில் எங்கேயாவது ஒரு சின்ன திருகாணி கிடக்கிறதா? கிடந்தால் அன்றைய மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். அது எங்கிருந்து கழன்றது என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டார்கள்.

வாணிபக் காற்றில் நாள்கணக்காகப் பாயைத் தொட வேண்டியிருக்காது. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அதில்தான் ஆபத்து. பாய் அசையாமல் இருந்தால் கயிறும் ஒரே கப்பியில், ஒரே இடத்தில், ஒரு நிமிடத்துக்குப் பலமுறை உராய்ந்துகொண்டே இருக்கும். விரல் பருமனுள்ள கயிறு சில நாளில் அறுந்துபோகும். இதற்கு மருந்து மிக எளியது. தினமும் கயிற்றைச் சில அங்குலம் இழுத்தோ தளர்த்தியோ விட்டால் போதும், உராயும் இடம் மாறிவிடும். அரை நிமிட வேலை. அதை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும், அதுதான் கடினம்.

இனிச் சமையலறைக்கு வருவோம். படகில் உள்ள அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்குகிறது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். ஆனால் சமைப்பவர் சாய்வார். அவரைப் பிடித்து நிறுத்த இடுப்புக்கு ஒரு பட்டை இருக்கும். கொதிநீர் மேலே கொட்டினால் மருத்துவமனை பல நூறு மைல் தள்ளி என்பதால், சிலர் மழைக்கால உடையைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பருகே போவார்கள். கோப்பையில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. தட்டில் சாப்பிடுவதில்லை, ஆழமான கிண்ணம்தான். நம் வீட்டுக் குக்கர் கடலில் பெரிய சொத்து. மூடி பூட்டிக்கொள்வதால் உருண்டாலும் சிந்தாது, எரிவாயுவும் தண்ணீரும் மிச்சம். சோறு வடிக்கும்போது கொஞ்சம் கடல்நீரைக் கலந்துகொண்டால் உப்பும் போட வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் தலைசுற்றலும் பெரும்பாலோரை விடாது. அந்த நாட்களுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து எடுத்துக்கொள்வது வழக்கம். பொருட்களைப் படகில் ஏற்றுவதில் தனிச் சாஸ்திரமே இருக்கிறது. அட்டைப் பெட்டி எதையும் ஏற்றக் கூடாது, அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். தகர டப்பாக்களின் காகிதச் சுற்று ஈரத்தில் கழன்றுவிடும், அதனால் உள்ளே இருப்பதைத் தகரத்தின் மேலேயே மையால் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பட்டாணி என்று திறப்பீர்கள், பழப்பாகு வரும். முட்டை கழுவாததாக, குளிர்பெட்டியில் ஒருமுறையும் வைக்காததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முட்டையை ஓரிரு நாளுக்கொரு முறை புரட்டிவைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு கடைசி வரை வரும். வெங்காயத்தையும் உருளையையும் சேர்த்து வைக்கக் கூடாது. வாழைத்தாரைப் பார்த்து ஆசைப்பட்டு ஏற்றினவர்கள், தார் முழுவதும் ஒரே சமயத்தில் பழுக்கும்போது மூன்று வேளையும் வாழைப்பழம்தான் சாப்பிடுவார்கள்.

சாப்பாட்டைவிடப் பெரிய கவலை தண்ணீர். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இன்று பல படகுகளில் உண்டு. இருந்தாலும் அது கெட்டுப்போனால் கரை சேரும் அளவுக்குத் தொட்டியில் இருப்பு வைப்பார்கள், அதைத் தொடாமலும் காப்பார்கள். பாத்திரம் கழுவுவது கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நன்னீரில். குளியலும் அப்படித்தான். வாளியில் கடல்நீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, முடிவில் ஒரு குவளை நன்னீர். கடல்நீரில் சோப்புக் கட்டி நுரைக்காமல் திரிந்துபோகும். பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும், அதனால் அதுவே குளியலுக்கும். கடல்நீரில் துவைத்த துணி காய்வதே இல்லை. துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துணியைப் போட்டால் உடம்பில் புண் வரும். எனவே மழை பெய்தால் படகில் திருவிழா. பாயில் விழும் மழையை வாளியில் பிடிப்பார்கள், துவைப்பார்கள், குளிப்பார்கள்.

மின்சாரமும் தண்ணீர் மாதிரிதான், கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். சூரியத் தகடு கொடுத்தது இவ்வளவு, ஆட்டோபைலட் தின்றது இவ்வளவு, குளிர்பெட்டி தின்றது இவ்வளவு. மேகமூட்டமான இரண்டு நாள் வந்தால் குளிர்பெட்டியை அணைத்துவிடுவார்கள். விளக்குகள் ஒன்றிரண்டு குறையும்.

இந்தக் கணக்கெல்லாம் சேரும் இடம் லாக் புத்தகம். மணிக்கொரு முறை அல்லது வாட்ச் மாறும்போது இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் எழுதப்படும். காற்றழுத்தமானியைக் கவனிப்பதிலும் நுணுக்கம் உண்டு. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு. ஒவ்வொரு நாளும் எழுதிவைத்தவருக்குத்தான் இது வழக்கமான இறக்கமா, புயலின் முன்னறிவிப்பா என்று தெரியும். நேரமும் புத்தகத்தில்தான் ஒழுங்குபடுகிறது. மேற்கே 15 பாகை போனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் மணி யாருடைய வாட்சில் விழுகிறது என்பதில் சண்டை வரும். முன்கூட்டியே பேசிப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இந்தப் புத்தகத்தின் அருமையைச் சொல்ல 1968இல் தொடங்கிய ஒரு போட்டி இருக்கிறது. எங்கும் நிற்காமல், தனியாக, உலகைச் சுற்ற வேண்டும். கோல்டன் குளோப் என்று பெயர். கிளம்பியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவரே, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ படகு 32 அடி, பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. போட்டிக்கு வந்த படகுகளில் வேகமானது அல்ல. வழியில் அடிப்பலகை இடைவெளியில் நீர் புகுந்தது, அவர் நீரில் மூழ்கிப் பஞ்சு அடைத்தார். தெற்குக் கடலில் படகு புரண்டு தொட்டித் தண்ணீர் கெட்டது, மழைநீரைப் பிடித்தார். தானியங்கிச் சுக்கான் உடைந்தது, பாய்களைச் சமன்செய்து ஓட்டக் கற்றுக்கொண்டார். வானொலி செத்தது, அவர் இறந்துவிட்டாரோ என்று கரையில் பயந்தார்கள். அவர் ஒவ்வொரு நாளும் அன்றைய வேலையைச் செய்துகொண்டிருந்தார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தார்.

அதே போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் கிளம்பினார். படகு ஆயத்தமாகும் முன்பே புறப்பட்டார், வழியில் ஒவ்வொன்றாகப் பழுதானது. அட்லாண்டிக்கை விட்டே வெளியேறாமல், உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை வானொலியில் அனுப்பினார். பொய்க் கணக்கு எழுதுவது மெய்க் கணக்கு எழுதுவதைவிடக் கடினம். போகாத கடலின் காற்றையும் சூரிய உயரத்தையும் கற்பனை செய்ய வேண்டும். 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகை ஆளில்லாமல் கண்டெடுத்தார்கள். அவர் திரும்பவே இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். குரோஹர்ஸ்டைப் பழிக்க இதை நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கம் கரையில் வெறும் ஒழுக்கம், கடலில் அது உயிர்க்காப்பு.

தனிமை மனத்தை என்ன செய்யும் என்பதற்கும் ஸ்லோகமே சாட்சி. அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளில் கொடுத்த பிளம்ஸ் பழத்தையும் பாலாடைக்கட்டியையும் தின்றுவிட்டு வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தபோது, சுக்கான் அருகே உயரமான ஒருவர் நிற்பதைப் பார்த்தாராம். கொலம்பஸின் ‘பின்டா’ கப்பலின் மாலுமி என்று அந்த உருவம் தன்னை அறிமுகம் செய்துகொண்டதாம். பலருடைய நாட்குறிப்பிலும் இத்தகைய காட்சிகள் வருகின்றன. காரணம் பேய் அல்ல, தூக்கக் குறைவும் உடல் நலக்கேடும். இருவர் இருக்கும் படகில் பிரச்சினை வேறு. ஒதுங்க அறை கிடையாது. கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாது. அதனால் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது என்ற வழக்கத்தைப் பல படகுகளில் விடாமல் வைத்திருக்கிறார்கள். மனத்தாங்கல் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும்.

புயலைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். தாரிணி தெற்கு பசிபிக்கில் போன பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 30 அன்று அது பாயின்ட் நீமோவைக் கடந்தது. எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான கடற்புள்ளி அது, அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர் தள்ளி. தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் போகும்போது, மிக அருகில் உள்ள மற்ற மனிதர்கள் விண்வெளி வீரர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே காற்றைத் தடுக்க நிலமே இல்லை. மலைபோல் அலை வரும். ஆனால் அலை வரும் நேரத்தில் செய்வதற்கு அதிகம் கிடையாது. பாய் சிறிதாக்கியாகிவிட்டதா, பொருட்கள் கட்டியிருக்கின்றனவா, வாரின் கொக்கி பிடித்திருக்கிறதா? இதெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை. புயல் என்பது நம் அன்றாடத்துக்குக் கடல் வைக்கும் தேர்வு.

ஒழுங்காக இருந்தால் தோல்வி வராது என்று நான் சொல்லவில்லை. இந்தியக் கடற்படையில் கமாண்டராக இருந்த அபிலாஷ் டோமி திறமையில் யாருக்கும் குறைந்தவர் அல்ல. மீண்டும் நடத்தப்பட்ட கோல்டன் குளோப் போட்டியில், 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அவருடைய பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரை ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அவர் மறுபடி நடந்தார், மறுபடி அதே போட்டிக்குப் போனார். காற்றுத் தகட்டின் பாகங்கள் உடைந்தபோது படகுக்குள் இருந்த பலகைகளையே அறுத்து மாற்றிப் பொருத்தினார். 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் கரை சேர்ந்தார். தில்னாவுக்கும் ரூபாவுக்கும் வழிகாட்டியாக இருந்து பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோரத்தில் பிறந்தும் பாய்ப்படகில் கால் வைக்காதவர்கள் நம்மில் பெரும்பாலோர். சென்னையில் 1911இலேயே தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. கடற்படை இருக்கிறது, என்.சி.சி.யில் கடற்பிரிவு இருக்கிறது. துணிச்சல் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்கு எழுவது, குறைந்த தண்ணீரில் குளிப்பது, பிரிந்த தையலை அன்றைக்கே தைப்பது, உள்ளதை உள்ளபடி எழுதுவது. இவை வருமானால் நீங்கள் கடலுக்குத் தயார். மீதியைக் காற்றும் ஆசிரியரும் கற்றுக்கொடுப்பார்கள்.